கண்ணாடியை மாட்டினால் சிங்கம் வரும்!

லாஸ் ஏஞ்சலிஸில் பிளாயா விஸ்டா என்று ஒரு பகுதி. அங்கே ஒரு கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் சாமான் அடுக்கி வைக்கிற கிடங்கு என்றுதான் நினைப்போம். உள்ளே எட்டிப் பார்த்தால் வெட்டவெளியாக ஒரு கூடம், ஓரமெல்லாம் கணினிகள், காலில் இடறும் வயர்கள். நடுவே நாலைந்து பேர், கண்ணை முழுக்க மூடுகிற பெரிய கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு, காற்றைத் தடவித் தடவி நடக்கிறார்கள். ஒருவர் குனிந்து எதையோ உற்றுப் பார்க்கிறார். அங்கே ஒன்றுமே இல்லை. இன்னொருவர் ஒரு பாறையை இடம் மாற்றலாமா என்று யோசனை கேட்கிறார். கூடத்தில் பாறையும் இல்லை.

நமக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். ஆனால் கண்ணாடிக்குள் இருப்பவர்களுக்கு அங்கே ஆப்பிரிக்கப் புல்வெளி விரிந்து கிடக்கிறது. தலையைத் திருப்பினால் சிங்க ராஜாவின் பாறை, பிரைடு ராக். கீழே பார்த்தால் ஒரு சிங்கக்குட்டி.

ஆமாம், அதே சிங்கக்குட்டிதான். சிம்பா! 2019இல் வெளிவந்த புதிய 'தி லயன் கிங்' படத்தின் ஷூட்டிங் ஸ்பாட் அந்தக் கிடங்கு. ஸ்பாட் என்று சொல்ல அங்கே புல் கிடையாது, புழுதி கிடையாது, நாலுகால் பிராணி ஒன்றுகூடக் கிடையாது. படத்தை எடுத்த இயக்குநர் ஜான் ஃபாவ்ரோ அதை முடிந்தவரை ரகசியமாகவே வைத்திருந்தார். பின்னாளில் அவர் உடைத்த இன்னொரு ரகசியம் இருக்கிறது பாருங்கள், அதுதான் என்னை இன்றுவரை சிரிக்க வைக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் சுவாரசியம் போய்விடும்.

முதலில் ரசிகர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

ஃபாவ்ரோவின் 'ஜங்கிள் புக்' 2016 ஏப்ரலில் வந்து வசூலை அள்ளியது. அதே வருடம் செப்டம்பரில் டிஸ்னி அறிவித்தது: அடுத்து 'லயன் கிங்'. அன்றிலிருந்து தொடங்கியது தவிப்பு. 1994இல் பழைய படத்தைப் பத்து வயதில் பார்த்தவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டியிருந்தது. சிம்பாவின் அப்பா முஃபாசா செத்தபோது முதன்முதலாகத் தியேட்டரில் அழுதவர்கள் அவர்கள். அந்தக் காட்சியில் யாராவது கை வைத்தால் சும்மா விடுவார்களா? ஒரு பக்கம் 'சீக்கிரம் காட்டுங்கள்' என்று கெஞ்சல். மறுபக்கம் 'கெடுத்துத் தொலைத்துவிடாதீர்கள்' என்று மிரட்டல். இரண்டையும் ஒரே ஆளே, ஒரே மூச்சில் செய்துகொண்டிருந்தார்!

2017 ஜூலையில் அனாஹைமில் நடந்த டி23 ரசிகர் விழாவில், அரங்கத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் முதல் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தித் தீர்த்தார்கள். வெளியே இருந்த உலகத்துக்கு அந்தக் கத்தலைப் பற்றிய சேதி மட்டும்தான் கிடைத்தது. பந்தி பரிமாறுகிற வாசனை தெருமுழுக்க வருகிறது, நமக்கு மட்டும் இலை போடவில்லை. அந்த நிலைமை பதினாறு மாதம்.

2018 நவம்பர் 22. அமெரிக்காவில் நன்றி சொல்லும் திருநாள் விடுமுறை. அன்றைக்குத்தான் டீசரை விட்டார்கள். 24 மணி நேரத்தில் 22.46 கோடி தடவை பார்க்கப்பட்டது. டிஸ்னி அதுவரை தன் பெயரில் வெளியிட்ட எந்த டீசருக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அதில் கதையே இல்லை என்பதுதான் வேடிக்கை. உலகத்துக்கே தெரிந்த கதைதானே! ஒன்றரை நிமிடத்தில் விலங்குகள் பிரைடு ராக்கை நோக்கி நடக்கின்றன, ரஃபிக்கி என்ற குரங்கு குட்டியைத் தூக்கிக் காட்டுகிறது, பின்னணியில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரல். அந்த ஒரு குரலுக்கே பாதிப் பேர் விழுந்தார்கள். பழைய படத்தின் முக்கியக் குரல்களில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாரையும் மாற்றலாம், முஃபாசாவை மாற்ற முடியாது என்று ஃபாவ்ரோவுக்கே தெரிந்திருக்கிறது.

அன்று ராத்திரியே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. பழைய படத்தின் காட்சியை இடது பக்கமும் புதியதை வலது பக்கமும் வைத்து ஒப்பிட்டார்கள். வரிக்குதிரை அதே கோணத்தில் வருகிறதா, பறவைக் கூட்டம் அதே திசையில் பறக்கிறதா, குட்டியின் நெற்றியில் ரஃபிக்கி பூசும்போது விரல் அதே இடத்தில் படுகிறதா. ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டார்கள். பத்துக்குப் பத்து பொருந்தினால் கொண்டாட்டம். உடனே அடுத்த குறை: 'எல்லாம் அப்படியே இருக்கிறதே, பிறகு எதற்குப் புதிதாக ஒரு படம்?' ஃபாவ்ரோவின் இடத்தில் நானாக இருந்தால் கிடங்கைப் பூட்டிவிட்டுக் கென்யாவுக்கே ஓடிப்போயிருப்பேன்.

இதில் ஒரு பழைய சேதியும் ஒளிந்திருக்கிறது. 1993 நவம்பரில், முதல் 'லயன் கிங்' வருவதற்கு ஏழு மாதம் முன்னால், டிஸ்னி டிரெய்லராகப் போட்டதும் இதே தொடக்கக் காட்சியைத்தான். துண்டு துண்டாக வெட்டாமல் முழுப் பாட்டையும் அப்படியே ஓடவிட்டார்கள். அப்போது படம் பாதிகூடத் தயாராகவில்லை. போதாக்குறைக்கு 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸைப் பூகம்பம் உலுக்கியது. ஸ்டூடியோவை மூட வேண்டியதாகி, ஓவியர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்தார்கள். இத்தனைக்கும் ஸ்டூடியோவுக்குள் அந்தப் படத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. 'போகஹான்டஸ்'தான் ஆஸ்கர் வாங்கப்போகும் படம் என்று பெரிய கைகள் பலரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களிடம் வந்து சேர்ந்தது இந்தச் சிங்கம்.

ஒலிப்பதிவுக் கதைகள் இன்னும் ஜோர். பழைய படத்தில் கேட்கும் கர்ஜனை எந்தச் சிங்கத்துடையதும் இல்லை. ஃபிராங்க் வெல்கர் என்ற குரல் கலைஞர் தகரக் குப்பைத் தொட்டிக்குள் வாயை வைத்து உறுமியது அது! சிம்பாவின் சித்தப்பா ஸ்காருக்குக் குரல் கொடுத்த ஜெரமி அயர்ன்ஸுக்கு, அந்த வில்லத்தனமான பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது தொண்டை கட்டிப்போனது. கடைசிப் பகுதியை ஜிம் கம்மிங்ஸ் பாடி ஒட்டினார். முப்பது வருடமாக அந்த ஒட்டு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த வியாதி உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கண்டுபிடிக்கிறேன்.

சரி, கிடங்குக்குத் திரும்புவோம்.

ஃபாவ்ரோ குழு முதலில் கென்யாவுக்குப் போய் நிலத்தையும் வெளிச்சத்தையும் வானத்தையும் படம் பிடித்து வந்தது. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் விலங்குப் பூங்காவில் மிருகங்கள் நடப்பதையும் படுப்பதையும் கொட்டாவி விடுவதையும் வாரக்கணக்கில் கேமராவில் பதிந்தார்கள். அதை வைத்துக் கணினிக்குள் ஒரு புல்வெளியைக் கட்டினார்கள். வீடியோ கேம் செய்கிறவர்கள் பயன்படுத்தும் அதே மென்பொருள் வகைதான். அந்தப் புல்வெளிக்குள் மிருகங்களை எளிய பொம்மை உருவங்களாக நடமாட விட்டார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் 'ஷூட்டிங்'. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாரும் உள்ளே நுழைவார்கள். இயக்குநர், கலை இயக்குநர், ஒளிப்பதிவாளர் எல்லாரும் ஒரே புல்வெளியில் நின்று, எந்தப் பாறைக்குப் பின்னால் கேமரா வைக்கலாம் என்று பேசிக்கொள்ளலாம். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் உள்ளே தெரியும்.

ஒளிப்பதிவாளர் கேலப் டெஷனெல். குதிரையும் சிறுவனும் கடற்கரையில் ஓடும் 'தி பிளாக் ஸ்டாலியன்' படத்தை 1979இலேயே எடுத்தவர். நிஜ மிருகம் எப்போது தலையைத் திருப்பும் என்று தெரியாமல் கேமராவோடு காத்துக் கிடந்து பழகியவர். அவரை அழைத்து வந்ததில்தான் ஃபாவ்ரோவின் கில்லாடித்தனம் தெரிகிறது. கூடத்தில் நிஜமான டாலி வண்டி இருந்தது, டிரைபாட் இருந்தது, கையால் சுற்றுகிற சக்கரங்கள் இருந்தன. கேமரா மட்டும் இல்லை! ஆட்கள் டாலியைத் தள்ளினால், கணினிக்குள் இருக்கும் கேமரா அதே வேகத்தில் நகரும். சக்கரத்தைச் சுற்றினால் அங்கே கோணம் மாறும். ஃபோகஸ் பிடிக்கிற உதவியாளர்கூடத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

எதற்கு இந்த மெனக்கெடல்? பட்டனைத் தட்டினால் கணினியே கேமராவை வழுக்கிக்கொண்டு போகாதா? போகும். அந்தச் சுத்தம்தான் பிரச்சினை. சிங்கம் திடீரென்று பாய்ந்தால் மனுஷக் கை அரை நொடி தாமதமாகத்தான் பின்தொடரும், கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வரும். அந்தச் சின்னத் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான் நம் மனசு 'யாரோ அங்கே நின்று எடுத்திருக்கிறார்கள்' என்று நம்புகிறது. இல்லாத சிங்கத்தை இல்லாத கேமராவால் எடுக்க, தப்பு செய்யத் தெரிந்த நிஜ மனிதர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

டெஷனெலுக்கு இன்னொரு சொகுசும் கிடைத்தது. சூரியனை வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்! அந்தி வெளிச்சத்துக்காக மணிக்கணக்கில் காத்திருந்து, கடைசி நிமிஷத்தில் மேகம் வந்து மறைத்து, யூனிட் மொத்தமும் பெருமூச்சு விட்டு மூட்டை கட்டுகிற வேலையெல்லாம் இல்லை. அஸ்தமனம் வேண்டுமா, அஸ்தமனம். இன்னும் ஒருமுறை வேண்டுமா, சூரியன் மறுபடி மேலே வரும். நம்மூர் ஒளிப்பதிவாளர்கள் யாராவது இதைப் படித்தால் கண்ணில் ஜலம் வைத்துக்கொள்வார்கள்.

நடிகர்கள் கதை வேறு மாதிரி. சிம்பாவின் கூட்டாளிகளில் டிமோனுக்கு பில்லி ஐக்னர், பும்பாவுக்கு சேத் ரோகன். இரண்டு பேரையும் தனித்தனிக் கண்ணாடி அறையில் அடைத்துப் பேச வைக்காமல், ஒரே இடத்தில் நடமாட விட்டு, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். படத்தில் அந்த ஜோடி வருகிற இடமெல்லாம் கலகலப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். சிம்பாவின் தோழி குட்டி நாலாவாகப் பேசிய ஷஹாதி ரைட் ஜோசப், பிராட்வே மேடை 'லயன் கிங்'கில் ஏற்கெனவே அதே குட்டி நாலாவாக நடித்தவர். இசைக்கு மறுபடி ஹான்ஸ் ஜிம்மர். 1994 படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் அவர். ஆறு வயதில் தன் தந்தையை இழந்தவர். முஃபாசா சாகும் இடத்தில் அந்த இசை ஏன் அப்படி நெஞ்சைப் பிசைகிறது என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஜூலு மொழியில் எழும் அந்தக் கூவலுக்கும் பழைய பாடகர் லெபோ எம்மேதான். அதைக் கேட்டு ஏதோ ஆழ்ந்த மந்திரம் என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். சிங்கம் வருகிறது என்று சொல்கிறாராம், அவ்வளவுதான்!

இந்தச் சந்தடி தமிழுக்கு வந்தபோது அதற்கே ஒரு தனிக் குஷி. ஸ்காருக்குக் குரல் அரவிந்த் சாமி என்று அறிவிப்பு வந்தது. சரி, பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒன்றைப் போட்டு உடைத்தார். முன்பு கார்ட்டூன் படத்தின் தமிழ் வடிவத்தில் சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தானாம். அண்ணன் மகனாக இருந்தவர் சித்தப்பாவாகிவிட்டார்! 'ரோஜா' காலத்து இளைஞன் 'தனி ஒருவன்' வில்லனாக மாறியதைப் பார்த்த நமக்கு, அதையே ஒரு சிங்கக் குடும்பத்துக்குள் மறுபடி பார்க்கிற அதிர்ஷ்டம்.

சிம்பாவுக்கு சித்தார்த், நாலாவுக்கு ஐஸ்வர்யா ராஜேஷ், முஃபாசாவுக்கு பி. ரவிசங்கர், அம்மா சராபிக்கு ரோகிணி. டிமோனும் பும்பாவும்? சிங்கம்புலியும் ரோபோ சங்கரும்! ஸாஸூ பறவைக்கு மனோபாலா! இந்தத் தேர்வைச் செய்தவர் யாரோ, அவர் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். ராஜாவின் காதருகே பறந்துகொண்டே புலம்பும் அந்த இருவாச்சிப் பறவைக்கு மனோபாலாவின் கீச்சுக் குரலைவிடப் பொருத்தமாக வேறு எது இருந்துவிட முடியும்? அவரும் ரோபோ சங்கரும் இன்று நம்மோடு இல்லை. படத்தைப் போட்டால் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

டப்பிங்கில் ஒரு சௌகரியமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கார்ட்டூன் சிங்கம் மனுஷனைப் போல உதட்டைக் குவித்து, விரித்து, பல்லைக் காட்டிப் பேசும். அதற்கு ஏற்ற 'ப'வையும் 'ம'வையும் தேடித் தமிழில் வசனம் எழுதுவது தலைவலி. புதிய படத்துச் சிங்கமோ வாயைத் திறக்கும், மூடும். அந்த இடைவெளியில் சிங்கம்புலி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்!

2019 ஜூலை 19. ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு, இந்தியிலும் ஒரே நாளில் வந்தது. இந்தியில் முஃபாசா ஷாருக் கான், சிம்பா அவர் மகன் ஆர்யன். எங்கள் வீட்டிலிருந்து நானும் ஆறு வயது அண்ணன் மகனும் போனோம். தியேட்டரில் எங்களைப் போன்ற ஜோடிகள்தான் அதிகம். பெரியவர்கள் தங்களுக்காகவே வந்திருந்தார்கள், பிள்ளைகளைச் சாக்குக்குக் கூட்டி வந்திருந்தார்கள். சூரியன் உதித்ததும் கைத்தட்டல், விசில். வில்டபீஸ்ட் மான் கூட்டம் பாய்ந்து வரும்போது என் பக்கத்து இருக்கைக்காரர் அடுத்து நடக்கப்போவது தெரிந்தும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பொடியன் அழவில்லை. பாதிப் படத்தில் என் காதைக் கடித்தான்: "அத்தை, இந்தச் சிங்கத்துக்கெல்லாம் யாரு பேசக் கத்துக்குடுத்தா?"

அவனுக்கு எல்லாமே நிஜம். பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால் வளர்ந்த ரசிகர்களில் பலருக்கு அந்த நிஜம்தான் உறுத்தியது. பழைய படத்துச் சிங்கங்களுக்கு ஓவியர்கள் புருவம் வரைந்திருந்தார்கள். நிஜச் சிங்கத்துக்கு ஏது புருவம்? ஃபாவ்ரோ ஒரு நிஜச் சிங்கத்தின் முகம் என்ன செய்யுமோ அதை மட்டும் செய்யவிட்டார். விளைவு, அப்பா செத்துக் கிடக்கும்போதும் குட்டியின் முகம் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த பூனை மாதிரி இருக்கிறது என்று குமுறல். ரசிகர்கள் சிலர் பொறுக்க முடியாமல், படத்தின் காட்சிகளை எடுத்துக் கண்ணைப் பெரிதாக்கி, புருவத்தை வளைத்து, தாங்களே திருத்திக் காட்டினார்கள். திருத்தியது நன்றாகவும் இருந்தது, அதுதான் வேதனை!

இரவின் காதலைப் பாடுகிற அந்தப் புகழ்பெற்ற எல்டன் ஜான் பாட்டைப் பட்டப்பகலில் படமாக்கி வைத்திருந்தார்கள். அதுவும் பியான்சேயும் டொனால்டு குளோவரும் பாடுகிற பாட்டு. இதற்கு அடித்த கிண்டல் ஓய ஒரு வாரம் ஆயிற்று. ஸ்காரின் பாட்டு படத்தில் இருக்குமா இருக்காதா என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். இருந்தது, பாதி வசனமாக, குட்டையாக. 88 நிமிடப் படம் 118 நிமிடமானது, ஆனால் அந்தப் பாட்டுக்கு இடம் போதவில்லையாம். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விமர்சகர்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிந்தார்கள். தியேட்டர் வாசலில் சினிமாஸ்கோர் கருத்துக் கேட்டபோது அமெரிக்க ரசிகர்கள் 'ஏ' போட்டார்கள். உலக வசூல் 165 கோடி டாலரைத் தாண்டியது. குமுறியவர்கள் எத்தனை பேர் இரண்டாம் முறையும் டிக்கெட் எடுத்தார்கள் என்று யாராவது கணக்கெடுத்திருக்க வேண்டும். நான் எடுத்தேன். இது அனிமேஷனா, லைவ் ஆக்‌ஷனா என்ற சண்டை வேறு தனியாக ஓடியது. கடைசியில் கோல்டன் குளோப் பரிந்துரையில் அனிமேஷன் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

இப்போது அந்த ரகசியம்.

படம் வெளியாகி ஒரு வாரம் போயிருக்கும். ரசிகர்கள் அதற்குள் ஃபிரேம் ஃபிரேமாகக் கிழித்து முடித்திருந்தார்கள். ஃபாவ்ரோ ஒரு ஸ்டில்லைப் போட்டு நாலு வரி எழுதினார். படத்தில் 1,490 ஷாட்கள் கணினியில் உருவானவை. ஒன்றே ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவில் நிஜமான கேமராவால் எடுத்தது. யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்க்கலாம் என்றுதான் அதை நடுவில் சொருகினாராம். நடுவில்கூட இல்லை, முதல் ஷாட்! திரை வெளிச்சமானதும் வரும் அந்தச் சூரிய உதயம்.

வரிக்குதிரையின் கோணத்தை அளந்தவர்கள், ரஃபிக்கியின் விரலைப் பின்தொடர்ந்தவர்கள், இடது வலது வைத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் யாரும் பிடிக்கவில்லை. அன்றைக்கு விசிலடித்த எங்கள் தியேட்டர் மொத்தமும் ஏமாந்தது. சிங்கம் பொய், புல் பொய், கேமரா பொய் என்று தெரிந்துகொண்டே போனவர்கள் நாங்கள். சூரியன் மட்டும் மெய் என்று யாருக்குத் தோன்றும்?

போன விடுமுறையில் அண்ணன் மகன் வந்திருந்தான். இப்போது மீசை அரும்புகிற வயது. எதைக் காட்டினாலும் 'கம்ப்யூட்டர்ல பண்ணதுதானே' என்கிறான். மறுபடி படத்தைப் போட்டேன். இருட்டு, அப்புறம் புல்வெளியின் விளிம்பில் செக்கச்செவேலென்று சூரியன். அங்கேயே நிறுத்தி, "இது ஒண்ணு மட்டும் நிஜம்டா, ஆப்பிரிக்காவுக்குப் போய் எடுத்தது" என்றேன்.

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கதை விடாதீங்க அத்தை" என்றான்.